ரெண்டு மில்லிமீட்டர் ஆக்‌ஷன்

ஆக்‌ஷன் எடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

எழுபத்தொரு வயதில் ஒரு மனிதன் இப்படித் தீர்மானிப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. முப்பத்தாறு வருஷம் சர்க்கார் ஆபீசில் உத்தியோகம் பார்த்தவன் நான். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது. அத்தனை வருஷத்தில் நான் எடுத்தது லீவு மட்டும்தான். கோப்பு வந்தால் ‘தக்க ஆக்‌ஷன் எடுக்கவும்’ என்று எழுதி அடுத்த மேஜைக்குத் தள்ளுவேன். அவர் அதற்கடுத்த மேஜைக்கு. கடைசி மேஜை ஜன்னலோரம் இருந்தது. ஜன்னலுக்கு அப்பால் ஹூக்ளி நதி. அதற்குமேல் கேட்காதீர்கள்.

அப்பேர்ப்பட்ட சௌந்தரராஜனாகிய நானே ஆக்‌ஷனில் இறங்கினேன் என்றால், காரணம் என் மத்தியானத் தூக்கம்.

கொல்கத்தாவில் மத்தியானத் தூக்கம் என்பது வெறும் தூக்கம் அல்ல. வங்காளிகள் அதற்குத் தனியாகப் பெயரே வைத்திருக்கிறார்கள். பாத்-கூம். சோற்றுத் தூக்கம். நான் இந்த ஊருக்கு வந்து நாற்பத்தைந்து வருஷத்தில் முழுசாகக் கற்றுக்கொண்ட ஒரே வங்காளக் கலை. ரசஞ்சாதம், மோர்சாதம் முடித்து, சரியாக இரண்டு மணிக்கு ஜன்னலோரத் திவானில் சாய்ந்தால் நாலு மணி வரை எமதர்மன் வந்தாலும் வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஒரு புயலில் ஜன்னல் கதவு பெயர்ந்து என் மேல் விழுந்தது. போர்த்திக்கொண்டு தூங்கினேன்.

அந்தத் தூக்கத்தில்தான் என் மனைவி மாதங்கி கிடார் கம்பியை நுழைத்தாள்.

மாதங்கி என்பது சங்கீத தேவதையின் பெயர். பெயர் வைக்கும்போதே அவள் அப்பா எச்சரித்திருக்கிறார். நான்தான் கவனிக்கவில்லை. அறுபத்தாறு வயது வரை சும்மா இருந்தவள், பக்கத்துத் தெரு ஷிப்ரா-தியிடம் கிடார் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றாள். தி என்றால் அக்கா. அந்த அக்காவின் கட்டளை, பயிற்சி தினமும் இரண்டிலிருந்து நாலு வரை. பரணில் எங்கள் பிள்ளை கிரீஷின் கிடார் கிடந்தது. அவன் புனேயில் வேலைக்குப் போனபோது விட்டுவிட்டுப் போனது.

முதல் நாள் ‘டொய்ங்’ என்று ஒரே ஒரு தட்டுத்தான் தட்டினாள். எதிர்வீட்டு வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பி, ஆற்றைத் தாண்டி ஹவுராவில் குடியேறிவிட்டன. நம்பாதவர்கள் ஹவுரா போய் விசாரிக்கலாம்.

அன்று ராத்திரி கிரீஷ் வீடியோவில் வந்தான்.

“அம்மா, தாராளமா வாசி. ஆனா ஆக்‌ஷனை மட்டும் யாரும் தொடப்படாது. ஆறு மாசம் அலைஞ்சு செட் பண்ணினது. பன்னண்டாவது ஃப்ரெட்ல ரெண்டு மில்லிமீட்டர். லோ ஆக்‌ஷன்.”

“நானும் லோ ஆக்‌ஷன்தாண்டா. மேலதிகாரி எழுதியே குடுத்திருக்கார்,” என்றேன்.

“அப்பா, ப்ளீஸ். கை வெச்சா நான் பேசவே மாட்டேன்.”

போன் அணைந்ததும் மாதங்கியைக் கேட்டேன்.

“பன்னண்டாவது பிரெட்டுன்னானே? நம்ம பாக்கெட்ல பத்து ஸ்லைஸ்தானே வரது?”

“திங்கற பிரெட் இல்லேன்னா. கழுத்துல குறுக்கே வரிசையாத் தகடு இருக்கு பாருங்கோ, அதுக்குப் பேரு ஃப்ரெட்.”

“யார் கழுத்துல?”

“கிடார் கழுத்துல! உங்க கழுத்தை யார் பார்த்தா? கம்பிக்கும் இந்தத் தகட்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளிக்குப் பேருதான் ஆக்‌ஷன்.”

“இடைவெளிக்கா ஆக்‌ஷன்னு பேரு? எங்க ஆபீசுல ஒரு ஆக்‌ஷனுக்கும் அடுத்த ஆக்‌ஷனுக்கும் நடுவுலதான் இடைவெளி.”

“உங்க ஆபீஸ் இல்லே இது. இதுல சத்தம் வரணும்.”

“சரி, அந்த இடைவெளி ஜாஸ்தியானா என்ன ஆகும்?”

மாதங்கி மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். நாற்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் பெருமூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. என்னை விட வைத்துத்தான் பழக்கம்.

“ஐயோ, அதை மட்டும் சொல்லாதேங்கோ. கம்பி தாழ்வா இருக்கறதாலதான் இந்த வயசுல என் விரல் அழுத்தறது. கொஞ்சம் உசந்துடுத்துன்னா போச்சு. கிடாரைப் பரண்ல போட்டுட்டு மத்தியானம் நானும் படுத்துண்டுட வேண்டியதுதான்.”

எனக்குள் ஒரு பல்பு எரிந்தது.

மறுநாள் அதையே ஹவுராவில் இருக்கும் தன் தங்கை தமயந்தியிடம் போனில் சொன்னாள். கூடவே இன்னொன்றும். “கேளுடி, லால்பஜார்ல கானாய்னு ஒரு மிஸ்திரியாம். மெட்ரோவுல சென்ட்ரல்ல இறங்கி நடந்தா, வாத்தியக் கடை வரிசையில பச்சைக் கதவாம். கம்பியை உசத்தறதுல சூரனாம். வியாழக்கிழமைதான் சாவகாசமா இருப்பானாம். அவன் கையில இந்தக் கிடார் மாட்டித்துன்னா என் சங்கீதம் அன்னிக்கே முடிஞ்சுது! என்ன? வர்ற வியாழக்கிழமையா? வரேன், வரேன். காலம்பற வந்துட்டு சாயங்காலம்தான் திரும்புவேன்.”

இவள் பேசிய சத்தத்துக்கு ஹவுராவுக்குப் போனே தேவையில்லை. அடுத்த நாள் இதே விஷயத்தைப் பால்கனிக் கறிவேப்பிலைச் செடியிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரி தன் கோட்டைக்கு வழி, வாசல், சாவி இருக்கும் இடம், காவலாளி ஊருக்குப் போகும் தேதி எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். பாவம், வெகுளி என்று நினைத்துக்கொண்டேன். மாதங்கியைப் போய் வெகுளி என்று நினைத்தேன் பாருங்கள், தூக்கம் கெட்டால் மூளை அப்படித்தான் ஆகிவிடும்.

வியாழக்கிழமை அவள் படகுத்துறைக்குக் கிளம்பினாள். நான் கிடாரை உறையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு காளிகாட்டில் மெட்ரோ ஏறினேன்.

வேட்டி, முதுகில் கிடார். பெட்டியே என்னைப் பார்த்தது. ஒரு கல்லூரிப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள்.

“தாது, பேண்ட் ஆச்சே?” என்றாள். தாத்தா, சொந்தமாகப் பாட்டுக் கோஷ்டி இருக்கிறதா என்று அர்த்தம்.

“ஆச்சே,” என்றேன். ஒரு பொய் சொல்ல வாய்ப்பு வந்தால் நான் நழுவ விடுவதில்லை.

“நாம் கீ?”

பெயர் என்னவென்று கேட்கிறாள். யோசித்தேன். “பாத்-கூம்,” என்றேன்.

“தாருண் நாம்!” என்று பூரித்துப் போனாள். பிரமாதமான பெயராம். போட்டோ எடுத்துக்கொண்டாள். சென்ட்ரல் வருவதற்குள் மூன்று பேர் எங்கள் அடுத்த கச்சேரி எங்கே என்று கேட்டுவிட்டார்கள். அலிப்பூரில், ஞாயிற்றுக்கிழமை, அனுமதி இலவசம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

லால்பஜார் ஒரு விசித்திரமான இடம். இந்தப் பக்கம் வரிசையாக வாத்தியக் கடைகள். அந்தப் பக்கம் போலீஸ் தலைமையகம். கம்பி விற்பவர்கள் ஒரு பக்கம், கம்பி எண்ண வைப்பவர்கள் மறுபக்கம். நடுவில் நான், பிள்ளையின் கிடாரோடு. சட்டென்று வியர்த்தது. குனிந்த தலை நிமிராமல் பச்சைக் கதவுக்குள் புகுந்துவிட்டேன்.

கானாய் மிஸ்திரி மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதையே மேஜை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“ஆஷுன் ஆஷுன், மெஷோமொஷாய்! மாஷிமா பாலோ ஆச்சேன்?”

வாருங்கள் மாமா, மாமி சௌக்கியமா? எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வங்காளிகளின் பண்பாடே பண்பாடு. முன்பின் பார்த்திராத மாமியைக்கூட விசாரிக்கிறார்கள்.

என் வங்காள மொழியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அது லேக் மார்க்கெட் காய்கறிக் கடையோடு நின்றுவிட்டது. கத்தரிக்காய் வரை சரளமாகப் பேசுவேன். அதற்குமேல் யார் என்ன சொன்னாலும் ‘ஹ்யாங்’ என்பேன். ஆமாம் என்று பொருள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் இந்த ஊரில் நாற்பத்தைந்து வருஷம் ஓட்டலாம்.

“தார் உஞ்சு,” என்றேன். தார் என்றால் கம்பி. உஞ்சு என்றால் உயரம். இலக்கணம் இல்லாவிட்டாலும் இலக்கு இருந்தது.

“கொத்தோ உஞ்சு?” எவ்வளவு உயரம் என்றார்.

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து, ஒரு மசால்வடை கனத்துக்குக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கேட்டார்.

“ஸ்பானிஷ், நா ஹாவாயான்?”

இங்கேதான் என் மொழிப் புலமை எனக்கு உதவிக்கு வந்தது. வங்காளத்தில் ‘நா’ என்றால் ‘இல்லை’. ‘ஹாவா’ என்றால் காற்று. சாயங்காலம் லேக் பக்கம் நடக்கப் போகிறவர்கள் ஹாவா வாங்கத்தான் போகிறார்கள். ஆக, மனிதர் சொல்வது இதுதான்: இது ஸ்பானிஷ் இல்லை, கம்பிக்கு அடியில் காற்று போகிற மாதிரி செய்துவிடட்டுமா? என்ன அழகான தொழில் பேச்சு!

“ஹ்யாங், ஹ்யாங்! ஹாவா! நல்லா ஹாவா!” என்றேன்.

“ஹாவாயான்?”

“ஹாவாதான்!”

கானாய் கருவிப் பெட்டியைத் திறந்தார். “நட்,” என்றார். எங்கேயோ நட்டு விழுந்துவிட்டது என்று நான் தரையில் குனிந்து தேடினேன். மேஜைக்கடியில் நல்ல நட்டாக ஒன்று கிடைத்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, கிடாரின் கழுத்து முடிகிற இடத்தில், கம்பிகள் ஏறி உட்கார்ந்திருக்கும் சின்னக் கட்டையைக் காட்டினார். அதன் பெயர் நட்டாம். பிறகு “பிரிட்ஜ்” என்றார். நான் ஹவுரா பக்கம் கையைக் காட்டினேன். அவர் கிடாரின் வயிற்றைக் காட்டினார். அங்கே கம்பிகளின் மறுமுனை கட்டியிருக்கும் கட்டைக்குப் பெயர் பிரிட்ஜ். ஒரு பக்கம் நட்டு, ஒரு பக்கம் பாலம், நடுவில் கழுத்து. இதை வாத்தியம் என்று யார் சொன்னார்கள்? பொதுப்பணித் துறை.

நட்டின் மேல் ஓர் இரும்புத் துண்டைக் கவிழ்த்தார். மறுபக்கம் பாலத்தையும் ஏதோ முட்டுக் கொடுத்து உயர்த்தினார். கம்பிகளைத் திரும்ப முறுக்கினார். நான் என் சுண்டுவிரலைக் கம்பிக்கு அடியில் விட்டுப் பார்த்தேன். போய், மறுபக்கம் வெளியே வந்தது. ஒற்றை ட்ராம் தாராளமாகப் போகலாம். ஒரு கம்பியை அழுத்தினேன். விரலில் பள்ளம் விழுந்ததே தவிர, கம்பி தகட்டைத் தொடவில்லை. பயில்வான் அழுத்தினாலும் தொடாது.

என் கண்ணில் நீர் துளிர்த்தது. பாதி வலி, பாதி ஆனந்தம்.

கிளம்பும்போது கானாய் ஒரு சின்னத் துணி முடிச்சை உறையின் பையில் செருகினார். கனமாக இருந்தது. “மாஷிமாகே தேபேன்,” என்றார். மாமியிடம் கொடுங்கள். ஏதோ கோயில் பிரசாதம் போலிருக்கிறது என்று கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். மணி இரண்டு. திவானில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். காதை மட்டும் திறந்து வைத்தேன்.

‘ஜிப்’ சத்தம். உறை திறக்கிறாள். ஒரு கம்பியை அழுத்துகிறாள்.

“ஐயையோ!”

அடடா. அதுவரை அவள் வாசித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த ஸ்வரம் அதுதான்.

“ஏன்னா! கம்பி உசந்திருக்கே!”

“அப்படியா?” என்றேன், கொட்டாவியோடு. “ஈரக்காத்து. கொல்கத்தாவுல மழை முடிஞ்சா மரம் உப்பிக்கும். நம்ம குளியலறைக் கதவு சாத்தறதா பாரு.”

“அதனால இருக்குமோ?”

“அதேதான். பாவம். விட்டுடு மாதங்கி. பரண்ல போட்டுடு. ஆசைப்பட்டதெல்லாம் நடக்கறதா? நாம படுத்துக்கலாம்.”

“இருங்கோ. பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன்.”

நான் தடுப்பதற்குள் கிரீஷின் முகம் போனில் வந்துவிட்டது. அவனுக்கு ஆபீசில் சாப்பாட்டு நேரம்.

“கிரீஷ், கம்பி தானா உசந்துடுத்துடா. ஈரக்காத்துன்னு அப்பா சொல்றார்.”

“காட்டும்மா… அம்மா! நட்டு மேல இரும்பு மாட்டியிருக்கு! ஈரக்காத்து இரும்பெல்லாம் மாட்டுமா? யார் பண்ணினது?”

“நான் கையே வைக்கலைடா. நீ தொடப்படாதுன்னே, நான் தொடலை. நேத்திக்குப் பூரா ஹவுராவுல தமயந்தி சித்தி ஆத்துல இருந்தேன். வேணும்னா சித்தியைக் கேளு.”

போனில் கிரீஷின் புருவம் ஏறியது.

“அப்பா.”

நான் குறட்டை விட்டேன்.

“அப்பா, நீ குறட்டை விட்டா வேற மாதிரி இருக்கும். எழுந்திரு.”

எழுந்தேன். சொன்னேன். ரொம்பக் குறைத்துத்தான் சொன்னேன். கம்பிக்குக் காற்றோட்டம் வேண்டுமே என்ற நல்லெண்ணத்தில் கானாய் என்பவரிடம் கொஞ்சம் ஹாவா கேட்டதாகச் சொன்னேன்.

“ஹாவா இல்லேப்பா, ஹவாயன்! மடியில படுக்க வெச்சு, கம்பியை அழுத்தாம, மேலே இரும்புக் குழவியை வெச்சு இழைச்சு வாசிக்கற கிடார். அதுக்குக் கம்பி இவ்வளவு உசரம்தான் இருக்கணும். ஸ்பானிஷ் வேணுமா, ஹவாயன் வேணுமான்னுதான் அவர் கேட்டிருப்பார்.”

“‘நா’ன்னா இல்லேன்னுதானேடா அர்த்தம்?”

“அல்லதுன்னும் அர்த்தம்ப்பா!” என்று தலையில் கை வைத்துக்கொண்டான். “போச்சு. என் ரெண்டு மில்லிமீட்டர் போச்சு. சரி, இனிமே திரும்ப இறக்கறேன்னு கிளம்பாதே. மாத்தி மாத்தி முறுக்கினா கழுத்து வளைஞ்சுடும். அப்படியே இருக்கட்டும். அம்மா, நீ ஹவாயனே வாசி. உனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லையே?”

“நீ சொன்னா சரிடா. நான் என்ன பண்றது? பழகிக்கறேன்,” என்றாள் மாதங்கி, தொண்டை கம்ம.

போன் அணைந்தது. தொண்டையும் சரியாகிவிட்டது. உறையின் பையில் கைவிட்டு அந்தத் துணி முடிச்சை எடுத்தாள். நான் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிரசாதம். அவிழ்த்தாள். உள்ளே கட்டைவிரல் கனத்தில் பளபளவென்று ஓர் இரும்புக் குழவி. அதைக் கம்பி மேல் வைத்து இழைத்துப் பார்த்தாள். ‘ஊய்ங்ங்’ என்று எங்கள் வீடு ஒரு தரம் மேலே போய்க் கீழே வந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அல்லது, கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்து தொலைத்தது.

“மாதங்கி, உனக்கு அந்த முடிச்சு பையில இருக்குன்னு எப்படித் தெரியும்?”

“நான்தானே அதைச் சேர்த்து வைக்கச் சொன்னேன்?”

“யார்கிட்ட?”

“கானாய்-தாகிட்டதான்.” தா என்றால் அண்ணன். “ஷிப்ரா-தி ஹவாயன்தானே சொல்லிக்குடுக்கறா? ஸ்பானிஷே அவளுக்குத் தெரியாது. முதல் நாள்லேர்ந்து உசத்துங்கோ உசத்துங்கோன்னு உசிரை வாங்கறா. பிள்ளையோ தொட்டா பேச மாட்டேங்கறான். நான் உசத்தினா என்கிட்ட பேச மாட்டான். எனக்கு அவன் பேசாட்டாத் தாங்காது.”

“எனக்கு மட்டும் தாங்குமா?”

“உங்ககிட்ட அவன் எப்போ பேசியிருக்கான்? என்கிட்ட பேசறப்போ நடுவுல நீங்க தலையை நீட்டுவேள்.”

“அப்போ தமயந்திகிட்ட போன்ல கத்தினது…”

“போன் அணைஞ்சுதான் இருந்தது.”

“கறிவேப்பிலைச் செடி?”

“ரெண்டு தரம் சொல்லியும் நீங்க கிளம்பற மாதிரித் தெரியலை. எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு தரம் கூடச் சொன்னேன்.”

“நான் மாட்டேன்னு சும்மா இருந்திருந்தா?”

“இருந்திருப்பேளா? என்னிக்காவது நான் வேண்டாம்னதைப் பண்ணாம இருந்திருக்கேளா? கானாய்-தாகூட பயந்தார். மெஷோமொஷாய்க்குப் பாஷை புரியுமா, தப்பா ஏதாவது கேட்டுடுவாரோன்னு. நான்தான் சொன்னேன், அவர் எதைக் கேட்டாலும் ஹ்யாங்னுதான் சொல்லுவார், தைரியமாப் பண்ணுங்கோன்னு.”

நாற்பத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக எடுத்த ஆக்‌ஷன். அதற்குத் திட்டம் அவள், தேதி அவள், மிஸ்திரி அவள். என்னுடையது முதுகு மட்டும். சரி, இதிலும் ஒரு நல்லது இருக்கலாம் என்று தோன்றியது. இழைத்து வாசிக்கிற வாத்தியம். டொய்ங் டொய்ங் என்று குத்தாது. தாலாட்டு மாதிரிக்கூட இருக்கும். கேட்டுக்கொண்டே தூங்கிவிடலாம். திரும்பிப் படுத்தேன்.

தோளில் ஒரு தட்டு.

“எழுந்திருங்கோ.”

“எதுக்கு?”

“இதைப் படுக்க வெச்சுத்தான் வாசிக்கணும்னு பிள்ளை சொன்னானே, கேக்கலையா? மடியில வெச்சுக்க என் முட்டி தாங்காது. திவான்தான் சௌகரியம். நான் முக்காலியைப் போட்டுண்டு இந்தப் பக்கம் உக்காந்துக்கறேன்.”

“அப்போ நான்?”

“நீங்க ஏன் நிக்கறேள்? அந்தப் பக்கம் பால்கனியில நல்ல ஹாவா வரது.”

எழுந்தேன். கிடார் படுத்தது. மல்லாந்து, கழுத்தை ஜன்னல் பக்கம் வைத்து, காற்று வாங்கிக்கொண்டு. மாதங்கி முக்காலியில் உட்கார்ந்து குழவியைக் கம்பியில் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நான் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிய ஒரே உடைமையைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

“அந்தத் தலகாணியையும் குடுத்துட்டுப் போங்கோ. உயரம் பத்தலை.”